இறைச்சிக்கடைக்காரரின் பின் கண்ணாடியும் ஐந்து றாத்தல் விபூதியும்

போன மாதம் எங்கள் மூத்தோர் சங்கக் கூட்டத்துக்கு ஓர் இளம் பொறியியலாளர் வந்து, சுவரில் படம் காட்டிப் பேசினார். இனி வரும் கார்களில் கண்ணாடி இருக்காதாம். பாரம் குறைந்த பிளாஸ்டிக்தான் யன்னலாக வருமாம். அதுதான் எதிர்காலமாம். நான் முன் வரிசையில் இருந்து வடை தின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்ன எதிர்காலத்தை எழுபதுகளின் நடுப்பகுதியிலேயே மெல்பேர்னில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வெட்டி, சூடாக்கி, வளைத்து, துளைபோட்டுப் பூட்டியவன் நான். கேள்வி நேரத்தில் எழுந்து இதைச் சொல்லத் தொடங்கினேன். பத்து நிமிடம் போயிருக்கும். சங்கச் செயலாளர் மெல்ல வந்து தோளில் கைவைத்தார். "ஐயா, இதை எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோவன்" என்றார். என் வாயை மூட அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சரி, எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு பஸ் டிப்போவில் ஏழு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்து எண்ணெய் குடித்ததுதான் என் படிப்பு. ஆஸ்திரேலியா எங்கள் நிறத்து ஆட்களுக்கும் கதவைத் திறந்த புதிதில் விண்ணப்பித்தேன், கிடைத்தது. கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகாத மனைவி தவமணியை யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். நிரந்தர வேலை இருப்பதாக முதலாளி கடிதம் தந்தால்தான் அவளைக் கூப்பிடலாம் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ஆகவே எனக்கு வேலை தேவைப்பட்டதைவிடக் கடிதம்தான் தேவைப்பட்டது.

பத்திரிகையில் 'கைப்பழக்கம் உள்ளவர் தேவை' என்று ஒரு சிறு விளம்பரம் பார்த்து மெல்பேர்னின் மொறாபின் பகுதிக்குப் போனேன். அங்கே கெவின் என்ற வெள்ளைக்காரர் பந்தயக் கார்களுக்கு யன்னல் செய்துகொண்டிருந்தார். பந்தயக்காரர்களுக்குப் பாரம்தான் பகை. கண்ணாடி நல்ல பாரம். முன் கண்ணாடியைச் சட்டப்படி தொடக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டைப் பூட்டினால் கார் இளைத்துவிடும். அதுதான் தொழில்.

கெவின் பேசியது ஆங்கிலம். அதை என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன், அவர் கோபிக்கமாட்டார். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், சான்றிதழைப் பார்க்கவில்லை. "மூண்டு மாசம் பாப்பன். சரியெண்டால் நிரந்தரம், உம்மட மனிசிக்குக் கடிதமும் தாறன். சரியில்லையெண்டால் கை குடுத்துப் பிரிவம்" என்றார். "சரி சேர்" என்றேன். "சேர் எண்டு சொல்லாதையும். கெவின்." முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. கடைசியில் 'கெவின் சேர்' என்பதில் வந்து நின்றோம். அவர் ஓய்வு பெறும்வரை அப்படியேதான்.

அவருடைய குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு காதிலும் பென்சில் செருகியிருப்பார், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். சத்தம் போட்டதே கிடையாது. எனது இரண்டாம் நாள், அவரே தன் கையால் தேநீர் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாரம் இன்னும் மூன்று முறை தேநீர் வந்தது. 'இங்கே முதலாளியே தேத்தண்ணி ஊற்றித் தருகிறார், என்னில் நல்ல விருப்பம்' என்று தவமணிக்கு நான்கு பக்கம் எழுதினேன்.

என்னோடு வேலை செய்த கிரேக்கர் கோஸ்தாதான் என் மயக்கத்தைக் கலைத்தார். "அந்தாளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், தேத்தண்ணி போட்டுத் தருவார். எனக்கு இஞ்ச ஆறு வருசத்திலை ரெண்டு கோப்பைதான் வந்தது. உனக்கு ஒரு கிழமையிலை நாலு!" என்றார். அதற்குப் பிறகு தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும் அந்தக் கேத்தில் விசிலடிக்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை மறுபடி சரிபார்ப்பேன்.

நான்கு கோப்பையும் நியாயமானவைதான். இந்த வேலை பார்க்க எளிது, செய்தால் தெரியும். முதலில் ரப்பர் விளிம்பைக் கிழிக்காமல் பழைய கண்ணாடியை முழுதாக எடுக்கவேண்டும். அதைக் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்துச் சுவரில் எழுதுவோம், வாடிக்கையாளருக்கு அது ஒரு சந்தோசம். பிறகு கண்ணாடியைக் கபில நிறக் கடதாசியில் வைத்து வரைந்து, அந்த அளவில் தகட்டை வெட்டவேண்டும். தகட்டின் இரண்டு பக்கமும் பாதுகாப்புக்கு ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். வளைவு வேண்டிய தகடென்றால் அதை உரித்துவிட்டு, கெவின் ஒரு பழைய பாண் பேக்கரியில் வாங்கிய அடுப்புக்குள் வைப்போம். பதமானதும் கையுறை போட்டு எடுத்து, கம்பளி விரித்த அச்சின்மேல் ஈரத்துணி போடுவதுபோல் போடவேண்டும். அரை நிமிடம் பிந்தினால் விறைத்துவிடும், முந்தினால் கம்பளியின் மயிரெல்லாம் அதில் பதியும். என் முதலாவது கோப்பை மயிருக்காக வந்தது.

துளைபோடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. கூரான துளைக்கம்பி தகட்டைக் கவ்வி வெடிக்கவைக்கும், ஆகவே கம்பியின் முனையை வேண்டுமென்றே மழுக்கவேண்டும். ஏழு வருடம் கருவிகளைத் தீட்டியே பழகியவனுக்கு மழுக்குவது பாவம்போல் இருந்தது. துளையும் திருகாணியைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். ஆணியை இறுக்கிவிட்டு அரைச் சுற்று இளக்கவேண்டும். நான் பஸ் டிப்போப் பழக்கத்தில் உயிர் போக இறுக்கினேன். மறுநாள் வெயில் ஏறியதும் நான்கு மூலையிலும் டிக் டிக்கென்று வெடித்தது. கேத்தில் விசிலடித்தது.

கடைசி விதி ஒன்று. கழுவுவதென்றால் சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும்தான். பெற்றோல், தின்னர் படக்கூடாது. காய்ந்த துணியால் துடைக்கவும் கூடாது. கண்ணாடி மாதிரி இருக்குமே தவிர அது கண்ணாடி அல்ல, நகம் பட்டாலே கீறும். இதை கெவின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் தினமும் வாசிப்பேன்.

மூன்று மாதத்தில் பாதி போய்விட்டது. கோப்பைகள் குறைந்துவந்தன. அப்போதுதான் பிரையன் வந்தார்.

பிரையன் டண்டினோங் பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடுவார், எப்போதும் கடைசியாக வருவார். காரின் பாரம்தான் காரணம் என்பது அவர் முடிவு. யன்னல்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். கழற்றிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தோம். பிறகு ஆர்வத்தில் அவரும் தராசில் ஏறினார். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி தொடங்கிய இடத்துக்கு வந்து நின்றது. எல்லாக் கண்ணாடியையும் சேர்த்தாலும் அவர் வயிற்றின் ஒரு ஓரத்துக்கு வராது. நான் வாயைத் திறக்கப்போனேன். கெவின் என்னைப் பார்த்து, கண்ணால் கேத்திலைக் காட்டினார். மூடிக்கொண்டேன்.

பந்தயம் ஞாயிறு. சனிக்கிழமை கெவின் உறவுக்காரர் கலியாணத்துக்கு பலரற் என்ற ஊருக்குப் போய்விட்டார். கோஸ்தா மத்தியானம் போய்விட்டார். பின் கண்ணாடியின் கடைசிச் சுத்தம் மட்டும்தான் பாக்கி, நாலரைக்கு பிரையன் வந்து காரை இழுத்துக்கொண்டு போவார். அந்தத் தகடு கோடை முழுவதும் வெயில் பட்ட சுவரோரம் நின்றது. அதனால் உரித்த கடதாசியின் பசை திட்டுத் திட்டாக அதிலேயே தங்கிவிட்டது. சோப்புப் போட்டேன், போகவில்லை. வெந்நீர் விட்டேன், போகவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்தது. எங்கள் ஊரில் லாந்தர்ச் சிமினி கரி பிடித்தால் எதனால் துடைப்போம்? சாம்பலால். அடுப்புச் சாம்பல் கொஞ்சமும் ஈரத்துணியும் போதும், சிமினி பளபளக்கும். கொட்டகை மூலையில் விறகடுப்பு ஒன்று இருந்தது. ஒரு சிரட்டையளவு சாம்பல் அள்ளினேன். பெற்றோல் கூடாது, தின்னர் கூடாது என்றுதான் சுவரில் எழுதியிருந்தது, சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தேய்த்தேன். பசை போனது. சந்தோசத்தில் இன்னும் நன்றாகத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தேன். பின் கண்ணாடி முழுவதும் மார்கழி மாதத்து நுவரெலியா மலை மாதிரி ஒரே மூட்டம்.

விறகுச் சாம்பலில் மணலும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். சிமினி கண்ணாடி என்பதும் இது கண்ணாடி அல்ல என்பதும்கூடத் தெரியும். ஆனால் கை தேய்க்கும்போது தலை எங்கேயோ போயிருந்தது.

பந்தயத்துக்கு முன் பரிசோதகர் பார்ப்பார், பின்பக்கம் தெரியாத காரை ஓடவிடமாட்டார். கீறல் போக மினுக்கும் பசை இருந்த டின்னைத் திறந்தேன். கோஸ்தா வழித்துத் துடைத்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் மெல்பேர்னில் சனி மத்தியானத்தோடு கடைகள் பூட்டினால் திங்கள்தான் திறக்கும். இன்னும் ஆறு கிழமையில் என் மூன்று மாதம் முடிகிறது. கடிதம் போச்சு, தவமணி போச்சு, கெவின் கை கொடுத்து அனுப்பிவிடுவார் என்று அந்தக் காரின் பின் பம்பரில் குந்தி இருந்து அழுதேன்.

அழுது முடிந்ததும் கடவுளிடம் போனேன். தவமணி ஊரிலிருந்து கட்டித் தந்த விபூதிப் பொட்டலம் என் சாப்பாட்டுப் பையில் எப்போதும் இருக்கும். எடுத்து 'சிவ சிவா' என்று நெற்றியில் பூசினேன். அவசரத்தில் ஒரு சிட்டிகை ஈரமான தகட்டில் விழுந்துவிட்டது. ஐயோ, விபூதி கீழே விழக்கூடாதே என்று பெருவிரலால் வழித்தெடுத்தேன். வழித்த இடத்தில் மூட்டம் மெல்லியதாகியிருந்தது.

மறுபடி தேய்த்தேன். இன்னும் மெல்லியதானது. விறகுச் சாம்பல் முரடு, விபூதி மா மாதிரி. மினுக்கும் பசையில் இருப்பதும் அப்படியொரு நயமான தூள்தானே! கைக்குட்டையால் பொட்டலத்தை அரித்து, என் உள்பெனியனைக் கழற்றி நனைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினேன். உள்ளங்கை அளவு இடம் தெளிய மூன்று நிமிடம். மூன்றரை மணித்தியாலம் தேய்த்தேன். பொட்டலம் காலி. இடது மூலையில் மட்டும் ஒரு ரூபாய்க் குற்றியளவு மூட்டம் தங்கியது. பிரையன் வந்து பார்த்துவிட்டு, "அருமை!" என்று என் முதுகில் ஒரு அடி அடித்தார். இறைச்சி வெட்டிய கை. மூன்று நாள் வலித்தது.

அன்று பின்னேரம் நான் தங்கியிருந்த அறைக்குப் போய், என்னோடு இருந்த நடராசா அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தபால் கந்தோரில் வேலை செய்பவர், நல்ல சிவபக்தர். "வீபூதியாலையோ கார் துடைச்சனீர்?" என்று கதிரையை விட்டு எழும்பினார்.

"ஓம் அண்ணை. வேறை வழி இல்லை."

"ஆரின்ரை கார்?"

"ஒரு இறைச்சிக்கடைக்காரன்ரை."

"என்ன இறைச்சி?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினேன். அவர் கையால் தலையில் அடித்துக்கொண்டு, "பசு தந்த வீபூதியைக் கொண்டுபோய்..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் குளிக்கப் போய்விட்டார்.

பந்தயத்தில் பிரையன் மூன்றாவதாக வந்தார். முன்னால் ஓடிய இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் மோதி நின்றுவிட்டார்கள் என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. திங்கள் காலை காரோடு வந்து இறங்கி, பின் கண்ணாடி அசல் கண்ணாடியைவிடத் தெளிவு என்று ஊரைக் கூட்டினார். கெவின் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மணந்து பார்த்தார். எனக்குக் கேத்தில் சத்தம் கேட்பதுபோல் இருந்தது.

"என்னத்தாலை மினுக்கினனீர்?"

"ஒரு தூள், சேர். இலங்கையிலை இருந்து கொண்டந்தது." பொய் இல்லை.

"எங்கட பசையை விட நல்லாயிருக்கு. எனக்கு அஞ்சு றாத்தல் எடுப்பிச்சுத் தாரும். அது வரட்டும், உம்மட கடிதத்தைப் பற்றிக் கதைப்பம்."

ஐந்து றாத்தல் என்றால் இன்றைக்கு இரண்டேகால் கிலோ. என் கடிதத்துக்கும் விபூதிக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சாம்பல் கதையும் வெளிவரும். வேறு வழியில்லாமல் தவமணிக்கு எழுதினேன்: 'ஐந்து றாத்தல் விபூதி உடனே அனுப்பவும். காரணம் பிறகு.'

அவள் பதில் பறந்து வந்தது. 'உங்களுக்கு என்ன நடந்தது? ஏதும் வருத்தமோ? ஒரு கோயிலுக்கே மாதம் ஐந்து றாத்தல் செலவாகாது. சாமியாராகப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்? இருந்தாலும் கேட்டபடியால் அனுப்புகிறேன். மூன்று கோயிலில் பூசைக்கு வைத்து எடுத்தது.'

பொதி வந்தது, ஆனால் கைக்கு வரவில்லை. நேரில் வரும்படி சுங்கக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. என் தவணை முடிய ஒன்பது நாள் இருந்தது. "நானும் வாறன், என்ரை சாமான்தானே" என்று கெவின் தன் பிக்கப் வானை எடுத்தார்.

சுங்க அதிகாரி மெலிந்த, பொறுமையான மனிதர். பொதியைப் பிரித்து மேசையில் வைத்திருந்தார். "இது என்ன?" என்றார்.

"சாம்பல்."

"என்னத்தின்ரை சாம்பல்?"

சுங்க அதிகாரிக்குப் பொய் சொன்னால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நடராசா அண்ணை எச்சரித்திருந்தார். "மாட்டுச் சாணம். எரிச்சது" என்றேன். பக்கத்தில் நின்ற கெவின் தன் பெருவிரலைப் பார்த்தார். பிரையனின் கண்ணாடியைத் தடவி மணந்த விரல்.

"என்ன தேவைக்கு?"

தொழிலுக்கு என்று சொன்னால் அனுமதிப்பத்திரம் கேட்பார். சாமிக்கு என்று சொன்னால் கெவின் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அதிகாரி காத்திருந்து களைத்து, பொதியில் ஒட்டியிருந்த தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். தவமணி தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வடிவான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'புனிதச் சாம்பல். என் கணவரின் நெற்றிக்கு. ஐந்து றாத்தல்.'

அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார். பொதியைப் பார்த்தார். மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

"பெரிய நெத்திதானே, நண்பா" என்று அதிகாரியிடம் சொன்னார் கெவின்.

அதிகாரி சிரிக்கவில்லை. மாட்டிலிருந்து வந்த பொருளை நாட்டுக்குள் விடமுடியாது, நோய் பரவும், ஆகவே எரித்து அழிக்கவேண்டும் என்றார்.

"ஐயா, அது எரிச்சதுதானே" என்றேன்.

"சட்டப்படி நாங்கள் எரிக்கோணும்."

"ஏற்கெனவே எரிஞ்சு சாம்பலாப் போச்சுது."

"திரும்பவும் எரிப்பம்" என்று முத்திரை குத்தினார்.

கெவின் வாசல்வரை தாக்குப்பிடித்தார். வானுக்குள் ஏறியதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இனி மறைத்துப் பயனில்லை என்று அடுப்புச் சாம்பல், மூட்டம், அழுகை, பெனியன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. வானைக் கிளப்பினார். இரண்டு சந்தி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப கெடுத்ததும் நீர், திருத்தினதும் நீர்."

"ஓம் கெவின் சேர்."

"எவ்வளவு நேரம் தேய்ச்சனீர்?"

"மூண்டரை மணித்தியாலம்."

"ஆரும் சொல்லி?"

"இல்லை. ஆரும் இருக்கேல்லை."

அவர் வானை ஓரமாக நிறுத்தினார். காதிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, டாஷ்போர்டுப் பெட்டியில் கிடந்த தாளில் எழுதத் தொடங்கினார். "குடிவரவுக்காரருக்குப் பென்சில் சரிவராது, திங்கள் ரைப் அடிச்சுத் தாறன். இப்ப இதை வைச்சிரும்" என்று நீட்டினார். இவர் என்னிடம் நிரந்தர வேலையில் இருக்கிறார், இவர் மனைவியை அனுப்பிவைக்கவும் என்று இரண்டே வரி.

"தவணை முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்குது, சேர்" என்றேன். நான் அப்படிப்பட்ட மடையன்.

"வாயை மூடும்" என்றார். அதன்பிறகு கொட்டகைவரை நான் அழுததை அவர் பார்க்காதமாதிரி ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

சில மாதம் கழித்துத் தவமணி வந்தாள். உலகத்துக் கார்களுக்கெல்லாம் யன்னல் செய்த என்னிடம் சொந்தமாக ஒரு கார் இல்லை. ஆகவே கெவின்தான் வானோடு விமானநிலையத்துக்கு வந்தார். தவமணி வெளியே வந்து, என்னைக் கண்டு சிரித்து, கிட்ட வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். என் நெற்றியைத்தான் பார்த்தாள். கொண்டுவந்த பொட்டலம் பிரையனின் கண்ணாடியில் தீர்ந்ததிலிருந்து அது வெறும் நெற்றிதான்.

"இஞ்சேருங்கோ, அஞ்சு றாத்தல் அனுப்பினனான். நெத்தியிலை ஒரு கீறுகூட இல்லை. எங்க வீபூதி?"

"சுங்கத்திலை பிடிச்சு எரிச்சுப்போட்டாங்கள்."

"எரிச்சால் சாம்பல்தானே வரும்?"

"ஓம்."

"அப்ப அந்தச் சாம்பலைக் கேட்டு வாங்கியிருக்கலாமே!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற கெவின், "என்ன சொல்லுறா?" என்றார். சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பிறகு, "எங்கட ரெண்டு பேருக்கும் அண்டைக்கு இந்த யோசனை வரேல்லையே! மினுக்கிற பகுதிக்கு எனக்கு ஆள் தேவை, வருவாவோ எண்டு கேளும்" என்றார்.

கேட்டேன். தவமணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அது உங்களுக்கு மேலையோ, கீழையோ?" என்றாள்.

அதையும் நானேதான் கெவினுக்குச் சொல்லவேண்டியிருந்தது. 'உமக்கு மேலை' என்ற அவருடைய மறுமொழியை 'எனக்குக் கீழை' என்று மாற்றி அவளுக்குச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கெவின் விரலை உயர்த்தி மேலே காட்டிக்கொண்டு நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.